மலையில ஸ்டார்ட் ஆகாத பழைய பெட்ரோல் கார்: கரண்ட் எங்க நிக்குதுன்னு தேடுற வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பழைய பெட்ரோல் ஜீப்னு ஏதாவது ஒண்ண இன்னமும் வச்சு ஓட்டிட்டு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். பிளாட்டினம் பாயிண்ட் (திறந்து மூடற கான்டாக்ட்), கன்டென்சர் (பாயிண்ட்ல தீப்பொறி பறக்காம தடுக்கறது), காயில் (12 வோல்ட்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தறது), டிஸ்ட்ரிபியூட்டர் (அத ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்பறது) இருக்கற எந்த வண்டிக்கும் இது பொருந்தும். பின்னாடி வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு வேற கணக்கு, அத இதோட கலக்காதீங்க.

காலைல வண்டி எடுக்கலைன்னா நம்மாளுங்க முதல்ல பண்றது என்னன்னா காயில், பாயிண்ட், கன்டென்சர், பிளக் எல்லாத்தையும் கோயம்புத்தூர்ல இருந்து வரவழைச்சு ஒரே நாள்ல மாத்திடறாங்க, வண்டியும் ஸ்டார்ட் ஆயிடும், ஆனா எது போயிருந்ததுன்னு யாருக்கும் தெரியாது, அடுத்த மிஸ்ட்டு வந்ததும் பழையபடி நிக்கும். அதுவும் இப்ப கடைல கிடைக்கற புது கன்டென்சர் சிலது பொட்டலத்துலயே போனதா வருது, நல்லா இருந்த பழசக் கழட்டிட்டு கெட்டுப்போன புதுச மாட்டினா அப்புறம் தலைய பிச்சுக்க வேண்டியதுதான். அதனால ஒரு ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி வண்டி என்ன பண்ணுது, என்ன சத்தம் போடுதுன்னு பாருங்க, அங்க இருந்து ஆரம்பிச்சு கரண்ட் எந்த இடத்துல நிக்குதோ அந்த ஒரு சாமானை மட்டும் மாத்துங்க.

மலைல இது ஏன் அதிகமா வருதுன்னா மூணு விஷயம். ஒண்ணு மிஸ்ட்டும் மழையும், ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ஏதாவது ஒரு மழை இருந்துட்டேதான் இருக்கும், பானெட்டுக்குள்ள எல்லாமே ஈரம். ரெண்டாவது குளிர், டிசம்பர் ஜனவரில தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும், அந்த குளிர்ல பாட்டரி பலம் நல்லாவே குறைஞ்சிரும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாயிரும். மூணாவது பல பேர் யோசிக்காதது, காத்து. மேட்டுப்பாளையம் 300 சொச்சம் மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர், இங்க காத்து கடல் மட்டத்த விட கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு கம்மி. காத்தையும் பெட்ரோலையும் கலக்கற கார்புரேட்டர், கீழ செட் பண்ணது, இங்க வந்தா பெட்ரோல் அதிகமா கொடுக்கும், பிளக் கரி பிடிக்கும், ஈரமாகும், பாக்கறதுக்கு அப்படியே இக்னிஷன் (பிளக்ல ஸ்பார்க் வர வைக்கற பகுதி) கோளாறு மாதிரியே இருக்கும்.

என்ன சாமான் வேணும்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு 12 வோல்ட் பல்புல ரெண்டு ஒயர் வச்சு கட்டின டெஸ்ட் லைட், மெல்லிய இடைவெளிய அளக்கற ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், பிடில ரப்பர் போட்ட கட்டிங் பிளையர், காஞ்ச பழைய காட்டன் துணி, நல்ல டார்ச். மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது, இல்லன்னாலும் டெஸ்ட் லைட்டே முக்கால்வாசி சொல்லிடும்.

கை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயத்த கேட்டுக்கங்க. பானெட்ட திறந்ததும் பெட்ரோல் வாசம் குப்புனு அடிச்சா அது அடங்கற வரைக்கும் ஸ்பார்க் டெஸ்ட் பண்ணவே பண்ணாதீங்க. ஈரக்கையோட பிளக் ஒயர தொடாதீங்க. சாவிய ஆன்ல போட்டுட்டு ரொம்ப நேரம் அப்படியே விட்டுடாதீங்க, பாயிண்ட் மூடி இருக்கற நிலைல இன்ஜின் நின்னிருந்தா காயில்ல தொடர்ந்து கரண்ட் ஓடி சூடாகி அதுவே போயிடும். சரிவுல நிக்கற வண்டின்னா சக்கரத்துக்கு கல் வச்சுட்டு வேலைய ஆரம்பிங்க, ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்பாதீங்க. விடியக்காலைல டீ எஸ்டேட் ஓரமா நின்னு பானெட்டுக்குள்ள தலைய விடறதுக்கு முன்னாடி டார்ச்ச சுத்தி ஒரு தடவ அடிச்சு பாருங்க, காட்டெருமை பக்கத்துல மேஞ்சுட்டு இருந்தாலும் சத்தமே கேக்காது.

கரண்ட் போற வழி இதுதான்: பாட்டரில இருந்து இக்னிஷன் சுவிட்ச், அங்க இருந்து காயிலோட ஒரு சின்ன டெர்மினல், காயிலுக்குள்ள சுத்தி இன்னொரு சின்ன டெர்மினல் வழியா வெளிய வந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாயிண்ட், பாயிண்ட் மூடினா எர்த். பாயிண்ட் திறக்கற அந்த நொடில காயிலோட நடு டெர்மினல்ல ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி தடி ஒயர் வழியா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப்புக்கு நடுவுல வந்து உள்ள சுத்தற ரோட்டார், அங்க இருந்து நாலு பிளக். முன் பாதி 12 வோல்ட் பாதி, பின் பாதி ஹை டென்ஷன் பாதி. இந்த ரெண்டுல எந்த பாதில நிக்குதுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

சாவிய திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், இல்லன்னா அதுவும் இல்ல

இது இக்னிஷன் இல்லைங்க, பாட்டரியும் செல்ஃபும். ஹெட்லைட்ட போட்டுட்டு செல்ஃப் அடிங்க. லைட் அப்படியே மங்கி அணைஞ்சா பாட்டரி காலி, இல்லன்னா டெர்மினல் லூசு. லைட் மங்கவே இல்லாம பளிச்சுனு இருந்தா செல்ஃபுக்கு கரண்டே போகல, சுவிட்ச் பக்கமோ, செல்ஃபுக்கு கரண்ட் விடற சொலினாய்டு பக்கமோ பாருங்க. டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா கழட்டி வெந்நீர் ஊத்தி துடைச்சு, உள் பக்கம் பளபளன்னு வர்ற வரைக்கும் எமரி பேப்பர்ல தேய்ச்சு இறுக்கி மேல கொஞ்சம் வாசலின் தடவிடுங்க. பாதி பேர் மறக்கறது இன்ஜின்ல இருந்து பாடிக்கு போற எர்த் பட்டை, மலை ஈரத்துல அது உள்ளயே அரிச்சு நாலஞ்சு இழைல தொங்கிட்டு இருக்கும். அது சரியில்லன்னா செல்ஃபும் மெதுவா சுத்தும், ஸ்பார்க்கும் பலவீனமா வரும், நீங்க காயில மாத்திட்டு இருப்பீங்க.

மல்டிமீட்டர் இருந்தா செல்ஃப் சுத்தறப்ப பாட்டரில எத்தன வோல்ட் நிக்குதுன்னு பாருங்க. பத்துக்கு கீழ ரொம்ப இறங்கினா காயிலுக்கும் அதேதான் போகுது, ஸ்பார்க் வீக்காதான் இருக்கும். ரொம்ப பழைய பிரிட்டிஷ் வயரிங் வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் இருக்கும், வேற வண்டில இருந்து ஜம்ப் எடுக்கறதுக்கு முன்னாடி எந்த டெர்மினல் பாடிக்கு போகுதுன்னு கண்ணால பாத்துட்டு மாட்டுங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். மலைல பாதி வண்டி சரிவுல நிறுத்தி காலைல உருட்டிதான் எடுக்கறாங்க, ரெண்டாவது கியர், கிளட்ச்ச விட்டா பிடிச்சுக்கும். செல்ஃப் போயிருந்தா, பாட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தா இது சரி. ஆனா ஸ்பார்க்கே இல்லாத வண்டிய எத்தன கிலோமீட்டர் உருட்டினாலும் எடுக்காது, சிலிண்டருக்குள்ள பெட்ரோல்தான் நிறையும், கீழ போய் நின்னா திரும்ப மேல தள்ளறதுக்கு நாலு பேர் வேணும். பிரேக் பூஸ்டர் இருக்கற வண்டில இன்ஜின் ஓடலன்னா பிரேக் கல்லு மாதிரி இருக்கும், ஸ்டீயரிங் லாக் இருந்தா சாவிய ஆஃப் பண்ணவே கூடாது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஸ்பார்க் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் உருட்டுங்க.

ஹேண்டில் போட்டு சுத்தற வண்டின்னா கட்டைவிரல மத்த நாலு விரலோட ஒரே பக்கம் வச்சு பிடிங்க, கீழ இருந்து மேல இழுங்க. திருப்பி அடிச்சா கட்டைவிரல் ஒடைஞ்சிரும்.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா இன்ஜின் ஒரு இருமல் கூட இருமல

இதுதான் முக்கியமான கேஸ், நிதானமா வாங்க.

கேப்போட நடுவுல இருந்து காயில் ஒயர மட்டும் உருவுங்க, ரப்பர் பிடி பிளையர்ல பிடிச்சு ஒயர் நுனிய இன்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத இரும்புக்கு 6 மிமீ தள்ளி வச்சுக்கங்க, கார்புரேட்டர் பக்கம் வேண்டாம், தள்ளி வைங்க. இன்னொருத்தர செல்ஃப் அடிக்க சொல்லுங்க. நீலமா, "டிக் டிக்"னு சத்தத்தோட தடியா பாஞ்சா காயில் வரைக்கும் எல்லாம் நல்லா இருக்கு, கோளாறு கேப், ரோட்டார், ஒயர், பிளக் பக்கம், அடுத்த தலைப்புக்கு போயிருங்க. மஞ்சளா நூல் மாதிரி வந்தா கன்டென்சரோ காயிலோ பாட்டரியோ கோளாறு. ஒண்ணுமே வரலன்னா 12 வோல்ட் பாதி.

12 வோல்ட் பாதிய டெஸ்ட் லைட்ல பாக்கலாம். பழைய லூகாஸ் காயில்ல ரெண்டு சின்ன டெர்மினல்ல எஸ்டபிள்யூ, சிபின்னு அடிச்சிருக்கும், முதலாவது சுவிட்ச் பக்கம், ரெண்டாவது பாயிண்ட் பக்கம். புது காயில்ல பிளஸ் மைனஸ் போட்டிருக்கும், நெகட்டிவ் எர்த் வண்டில பிளஸ்தான் சுவிட்ச் பக்கம்.

சாவிய ஆன் பண்ணி டெஸ்ட் லைட்ல ஒரு ஒயர் எர்த், இன்னொண்ணு சுவிட்ச் பக்க டெர்மினல். எரியலன்னா சுவிட்சுல இருந்து இங்க வர்றதுக்குள்ள கட். மழைக்காலம் பூரா ஷெட்ல நின்ன வண்டின்னா எலி கடிச்ச ஒயர் இருக்கான்னு டேஷ்போர்டுக்கு அடிலயும் பாருங்க. சுவிட்சா ஒயரான்னு தெரியணும்னா, நெகட்டிவ் எர்த் வண்டில பாட்டரி பிளஸ்ல இருந்து ஒரு தனி ஒயர நேரா இந்த டெர்மினலுக்கு கொடுத்து செல்ஃப் அடிங்க, எடுத்தா சுவிட்ச் பக்கம்தான் கோளாறு. வழில நின்ன வண்டிய இப்படியே வீட்டுக்கு கொண்டு வந்துரலாம், ஆனா சாவிய அணைச்சா இன்ஜின் நிக்காது, அந்த ஒயர பிடுங்கினாதான் நிக்கும், அத மனசுல வச்சுக்கங்க. ஒயர் எக்ஸாஸ்ட்லயோ ஃபேன்லயோ படாம கட்டுங்க.

சுவிட்ச் பக்கம் எரியுதுன்னா அடுத்தது பாயிண்ட் பக்க டெர்மினல். லைட்ட அங்க வச்சு செல்ஃப் அடிங்க. எரிஞ்சு அணைஞ்சு எரிஞ்சு அணைஞ்சு வந்தா பாயிண்ட் வேலை செய்யுது. அணையாம எரிஞ்சுட்டே இருந்தா பாயிண்ட் மூடல, இல்ல மூடியும் கரண்ட் போகல, முகத்துல அழுக்கு இருக்கும், இல்லன்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள போற அந்த சின்ன வளையற ஒயர் அறுந்திருக்கும். அந்த ஒயர் ரொம்ப ஏமாத்தும்ங்க, வேக்கம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சற இழுப்பால ஸ்பார்க் விழற நேரத்த மாத்தறது) இழுக்க இழுக்க பாயிண்ட் தட்டு அசையும், அதோட சேர்ந்து ஒயரும் வளைஞ்சு வளைஞ்சு மேல் தோல் நல்லா இருக்க உள்ள செம்பு மட்டும் அறுந்து நிக்கும், கண்ணுக்கு தெரியாது, மெதுவா இழுத்து பாத்தா ரப்பர் மாதிரி நீளும்.

எரியவே இல்லன்னா ரெண்டு வழி. பாயிண்ட் பக்க டெர்மினல்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு போற ஒயர கழட்டிட்டு திரும்ப லைட் வைங்க. இப்ப எரிஞ்சா காயில் நல்லா இருக்கு, கீழ எங்கயோ எர்த் ஆகுது: பாயிண்ட் திறக்கவே இல்ல, கன்டென்சர் உள்ள ஷார்ட், இல்லன்னா ஒயர் தோல் உரிஞ்சு பாடில படுது. இப்பவும் எரியலன்னா காயிலுக்குள்ள கட், அத மாத்த வேண்டியதுதான். மீட்டர்ல பாத்தா சாதா 12 வோல்ட் காயிலுக்கு ரெண்டு சின்ன டெர்மினலுக்கு நடுவுல 3 ஓம் கிட்ட வரும், கரண்ட்ட குறைக்க ஒரு ரெசிஸ்டர் வச்சு ஓடற காயிலுக்கு 1.5 கிட்ட. கடைல ரெண்டும் ஒரே மாதிரி டப்பால இருக்கும், பாத்து வாங்குங்க, 1.5 ஓம் காயில ரெசிஸ்டர் இல்லாம மாட்டினா காயிலும் சூடாகும் பாயிண்ட்டும் கருகும்.

பாயிண்ட் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா மலைல ஒரு மாசம் நின்ன வண்டி எடுக்காததுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். கேப்ப கழட்டி ரோட்டார உருவிட்டு ஸ்குரூடிரைவர் நுனில பாயிண்ட்ட லேசா விலக்கி ரெண்டு முகத்தையும் டார்ச்ல பாருங்க. நல்ல பாயிண்ட் முகம் சாம்பல் கலர்ல மங்கலா மழமழன்னு இருக்கும். ஈரத்துல நின்னதுன்னா மேல பால் ஆடை மாதிரி ஒரு படலம் இருக்கும், அவ்ளோ மெலிசு, ஆனா 12 வோல்ட்ட தடுக்க அது போதும். நைஸ் எமரிய ரெண்டா மடிச்சு நடுவுல விட்டு நாலு இழுப்பு, அப்புறம் கல்யாண பத்திரிகை அட்டைய கிழிச்சு பெட்ரோல்ல நனைச்சு அதே மாதிரி நடுவுல விட்டு இழுங்க, அட்டைல கருப்பு வர்றது நிக்கற வரைக்கும். எமரி தூள் ஒண்ணு உள்ள தங்கினாலும் திரும்ப எடுக்காது, அதனால அட்டை இழுக்காம விடாதீங்க. ஒரு பக்கம் குழியும் இன்னொரு பக்கம் மேடுமா வளர்ந்திருந்தா கன்டென்சர சந்தேகப்படுங்க. முகம் நீலமா கருகி இருந்தாலும் அதேதான்.

பாயிண்ட் இடைவெளி: டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுல இருக்கற கேமோட உச்சி பாயிண்ட் கட்டைய தள்ளி முழுசா திறந்திருக்கற இடத்துல இன்ஜின நிறுத்தி ஃபீலர் கேஜ் விடுங்க. லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.015 இன்ச், அதாவது 0.4 மிமீ கிட்ட. பத்மினில எந்த கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கோ அதோட அளவ மேனுவல்ல பாத்து வைங்க. கேம் மேல பட்டாணி அளவு கூட வேண்டாம், அதுல பாதி கிரீஸ், இல்லன்னா கட்டை தேஞ்சு இடைவெளி மூடிக்கும், மூடினா ஸ்பார்க்கே வராது.

எல்லாத்தையும் திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். பாயிண்ட் மூடி இருக்கட்டும், சாவி ஆன், காயில் தடி ஒயர பழையபடி பிளாக்குக்கு 6 மிமீ தள்ளி பிடிச்சுட்டு, பிளாஸ்டிக் பிடி ஸ்குரூடிரைவர்ல பாயிண்ட்ட ஒரு தட்டு தட்டி திறங்க. திறக்கற ஒவ்வொரு தடவையும் தடி ஒயர்ல நீல ஸ்பார்க் பாயணும். தடி ஒயர்ல வராம பாயிண்ட்லயே பெரிய தீப்பொறி வந்தா கன்டென்சர் போச்சு.

காயில்ல ஸ்பார்க் இருக்கு, பிளக்ல இல்ல. மிஸ்ட் நாள்ல மட்டும் தகராறு

சாயந்தரம் சூடா வந்து நின்ன இன்ஜின், ராத்திரி குளிர், சுத்தி ஈரக்காத்து. காலைல கேப்ப கழட்டி திருப்பி டார்ச் அடிச்சு பாத்தா உள் சுவர்ல பனித்துளி முத்து முத்தா ஒட்டிட்டு இருக்கும், பித்தளை முனைங்களுக்கு நடுவுல எல்லாம். கரண்ட் பிளக்குக்கு போறத விட்டுட்டு அந்த தண்ணி வழியா எர்த்துக்கு ஓடிரும். காஞ்ச துணில உள்ளயும் வெளியயும் துடைங்க, ஒயர் நுழையற நாலு குழியையும் நடு குழியையும் மறக்காம துடைங்க, காயில் தலைய துடைங்க, பிளக் வெள்ளை பீங்கான துடைங்க. ஹேர் டிரையர் இருந்தா ரெண்டு நிமிஷம் காட்டுங்க. அடுப்பு மேல வச்சு காய வைக்கறத பாத்திருக்கேன், வேண்டாம், பேக்லைட் விரிசல் விட்டுரும். டபிள்யூடி 40 மாதிரி ஸ்பிரே இருந்தா வெளிப்பக்கம் லேசா அடிச்சு துடைச்சிருங்க, அடிச்ச உடனே ஸ்டார்ட் பண்ணாம அதோட ஆவி போகட்டும்.

துடைச்சும் எடுக்கலன்னா கேப்புக்குள்ள விரிசல் இருக்கான்னு பாருங்க. ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு பென்சில்ல கிறுக்கின மாதிரி மெல்லிசா ஒரு கருப்பு கோடு ஓடினா அது கார்பன் வழி, சுரண்டினாலும் திரும்ப வரும், அந்த கேப்ப மாத்தியே ஆகணும். நடுவுல இருக்கற கார்பன் குச்சி ஸ்பிரிங்ல மேல கீழ ஆடணும், உள்ள ஒட்டிக்கிட்டு நின்னா ரோட்டார தொடாது. ரோட்டார்ல பித்தளைக்கு அடில விரிசல் விட்டிருந்தா கரண்ட் அப்படியே தண்டு வழியா எர்த் ஆகும், கண்ணுக்கு தெரியாத விரிசல் கூட இருக்கும். சோதிக்கறது சுலபம்: ரோட்டார அது இடத்துல வச்சு காயில் ஒயர் நுனிய பித்தளைக்கு மேல 3 மிமீல பிடிச்சு பாயிண்ட்ட தட்டுங்க. ஸ்பார்க் ரோட்டாருக்கு பாஞ்சா ரோட்டார் ஓட்டை, பாயலன்னா நல்லது.

ஒயருங்கள பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. இருட்டினதுக்கு அப்புறம் பானெட்ட திறந்து வச்சு எல்லா லைட்டையும் அணைச்சுட்டு இன்ஜின ஓட விட்டு பாருங்க, வண்டி ஓடற நிலைல இருந்தா. கசியற ஒயர் மேல நீலமா மினுக்கு மினுக்குன்னு ஓடும், எந்த ஒயர், எந்த இடம்னு விரலால காட்டலாம், தொடாம. பிளக் ஒயருங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, பாடில படாம போகட்டும்.

ஸ்பார்க் நல்லா இருக்கு, பிளக் ஈரமா கருப்பா இருக்கு

கீழ இருந்து கார் எடுத்துட்டு சீசனுக்கு வர்றவங்க மாட்டறது இதுலதான். காலைல குளிருதுன்னு, பெட்ரோல கூட்டற சோக்க முழுசா இழுத்து, ஆக்சிலரேட்டர அஞ்சாறு தடவ மிதிச்சு, செல்ஃப் அடிச்சு, எடுக்கலன்னு திரும்ப மிதிச்சு. ஏற்கனவே காத்து கம்மி, பெட்ரோல் கூட, அதுக்கு மேல இது எல்லாம். பிளக் நனைஞ்சு போயிடும், நனைஞ்ச பிளக்ல ஸ்பார்க் இடைவெளிய தாண்டாம பெட்ரோல் வழியாவும் கரி வழியாவும் இறங்கிரும்.

சோக்க முழுசா உள்ள தள்ளுங்க. ஆக்சிலரேட்டர ஒரே மிதியா தரை வரைக்கும் மிதிச்சு அப்படியே வச்சுக்கங்க, விட்டு விட்டு மிதிக்காதீங்க, ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் பெட்ரோல் அடிக்கற கார்புரேட்டர் நிறைய இருக்கு. செல்ஃப் பத்து செகண்டுக்கு மேல வேண்டாம், நடுவுல அர நிமிஷம் செல்ஃப் ஆறட்டும். ரெண்டு மூணு தடவைல இருமிட்டு எடுக்கும். எடுக்கலன்னா நாலு பிளக்கையும் கழட்டி துடைச்சு காய வச்சு, பித்தளை பிரஷ்ல கரிய எடுத்து, இடைவெளி 0.6 மிமீ பாத்து மாட்டுங்க.

ஊட்டில நிரந்தரமா ஓடற வண்டின்னா கார்புரேட்டர மலைக்கு ஏத்த மாதிரி கம்மி பண்ணி வைக்கணும். எஸ்யூ கார்புரேட்டர் வச்ச பழைய அம்பாசடர்ல அடில ஜெட் (பெட்ரோல் வர்ற துளை) நட்ட திருப்பினாலே போதும். சோலெக்ஸ் மாதிரி நிரந்தர ஜெட் இருக்கறதுல சின்ன ஜெட் போடணும். பிளக் மூக்கு லேசான காபி கலர்ல வந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல் 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது தண்ணிய இழுக்கும். ஈர ஷெட்ல மாசக்கணக்கா பாதி டேங்க்கோட நின்ன வண்டின்னா இக்னிஷன நோண்டறதுக்கு முன்னாடி கார்புரேட்டர் கிண்ணத்துல இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வைங்க, அடில தனியா ஒரு அடுக்கு நின்னா தண்ணிதான்.

சாவிய திருப்பி பிடிச்சிருக்கற வரைக்கும் ஓடுது, விட்டதும் அணையுது

இது சின்ன விஷயம். சுவிட்சோட ஓடற நிலை கான்டாக்ட் போயிருக்கும், இல்ல ரெசிஸ்டர் வச்ச வண்டில அந்த ரெசிஸ்டர் கட். செல்ஃப் அடிக்கறப்ப வேற வழில கரண்ட் போகுது, விட்டா அந்த வழி மூடிடுது. மேல சொன்ன டெஸ்ட் லைட்ட சுவிட்ச் பக்க டெர்மினல்ல வச்சு சாவிய விட்டு பாருங்க, அணைஞ்சா அதேதான்.

பர்லியார்ல இருந்து ஏறும்போது பாதில நின்னுது, அர மணி நேரம் விட்டா எடுக்குது

காயிலா, பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கறதான்னு இதுல பெரிய சண்டையே நடக்கும். ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணுதான். ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல இன்ஜின் சூடு, மேல போகப்போக காத்தழுத்தம் குறையறதால பெட்ரோலும் சீக்கிரம் ஆவியாகும். பிரிச்சு பாக்க ஒரே வழி நின்ன அந்த நிமிஷமே, ஆறறதுக்கு முன்னாடி, ஸ்பார்க் டெஸ்ட் பண்றது. வண்டிய ஓரமா ஒதுக்கி, பின்னாடி வர்றவங்களுக்கு தெரியற மாதிரி கல்லோ கிளையோ வச்சுட்டு, ஓட்டிட்டு வந்த சூட்டோட பாருங்க. நீலமா வந்தா இக்னிஷன் இல்ல, பெட்ரோல் பம்ப் மேலயும் பைப் மேலயும் ஈரத்துணிய போட்டு காத்திருங்க. ஸ்பார்க் வரலன்னா, இல்ல மஞ்சளா வந்தா, காயிலோ கன்டென்சரோ கோளாறு. ரெண்டுமே சூட்டுல போய் ஆறினா திரும்ப வர்ற ஜாதி. காயில தொட்டு பாத்து சுடுதுன்னு முடிவு பண்ணாதீங்க, நல்ல காயிலும் சுடும். முதல்ல கன்டென்சர மாத்துங்க, விலை கம்மி, அப்புறமும் அதே இடத்துல நின்னா காயில். எக்ஸாஸ்ட் பக்கமா காயில் மாட்டியிருந்தா தள்ளி காத்துப்படற இடத்துல மாட்டிடுங்க.

அர மணி நேரம் ஆறவிட்டு எடுத்த வண்டிக்கு அதுக்கப்புறம் டெஸ்ட் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல, எல்லாமே நல்லாதான் காட்டும்.

எடுக்கப் பாக்குது, ஆனா கார்புரேட்டர்ல "டப்"னு திருப்பி அடிக்குது, இல்ல சைலன்சர்ல வெடிக்குது

நேத்து வரைக்கும் நல்லா ஓடி, கேப்ப கழட்டி துடைச்ச அப்புறம் இப்படின்னா பிளக் ஒயர் இடம் மாறிடுச்சு. அம்பாசடர், பத்மினி, ஹெரால்ட் மூணுக்குமே வரிசை 1-3-4-2. கேப்ப கழட்டிட்டு செல்ஃப லேசா அடிச்சு ரோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு கண்ணால பாத்துட்டு அந்தப் பக்கமா வரிசைய வைங்க, ஒவ்வொரு இன்ஜினுக்கும் சுத்தற திசை மாறும். இனிமே ஒயர கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி நம்பர் எழுதிடுங்க.

ஒயர் சரியா இருந்தும் அடிச்சா டைமிங், அதாவது ஸ்பார்க் விழற நேரம். பாயிண்ட் இடைவெளிய மாத்தினாலே டைமிங்கும் நகரும், இடைவெளி அதிகமானா முன்னாடி வரும், குறைஞ்சா பின்தங்கும். அதனால எப்பவும் இடைவெளி முதல்ல, டைமிங் அப்புறம். முதல் சிலிண்டர கம்ப்ரஷன் மேட்டுக்கு கொண்டு வந்து, மேனுவல்ல போட்ட டிகிரி மார்க்குக்கு புல்லிய நிறுத்தி, டெஸ்ட் லைட்ட காயிலோட பாயிண்ட் பக்கம் மாட்டி சாவி ஆன் பண்ணுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் நட்ட லூஸ் பண்ணி முதல்ல ரோட்டார் சுத்தற திசைலயே லைட் அணையற வரைக்கும் திருப்பி, அப்புறம் எதிர்த்திசைல மெதுவா திருப்புங்க, லைட் எரியற அந்த புள்ளில பாயிண்ட் திறக்குது, அங்க இறுக்குங்க.

காத்து கம்மியா இருக்கறதால ஊட்டில டைமிங்க ரெண்டு டிகிரி முன்னாடி வச்சா வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாவே ஏறும், நிறைய பேர் அப்படி வச்சிருக்காங்க. ஆனா அதே வண்டிய கீழ எடுத்துட்டு போய் மேட்டுப்பாளையம் தாண்டி காரமடை ரோட்ல வெயில்ல மிதிச்சீங்கன்னா இன்ஜின்ல கணகணன்னு தட்டுற சத்தம் கேக்கும். அந்த சத்தம் வந்தா ஆக்சிலரேட்டர விட்டு கொடுத்து ஓட்டிட்டு, முதல்ல நிழல் கிடைக்கற இடத்துல நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டர மேனுவல் மார்க்குக்கே திருப்பி வச்சிருங்க.